ஒத்தணமா, ஐஸா? மூட்டு, தசை நோவில் சூடும் குளிரும்

2025 செப்டெம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் யாழ்ப்பாணத்துக்கான சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பண்ணைத் தாம்போதியிலிருந்து பிரியும் பாதையில் உள்ள இந்தச் சிறுதீவு அதுவரை வலைக்கும் வயலுக்கும் பேர்போன இடம். வலை இழுத்தவரின் தோள் நொந்தால் இங்கே அடுப்புச் சட்டியில் உப்பை வறுத்து, சீலையில் பொட்டணமாகக் கட்டி ஒத்தணம் பிடிப்பார்கள். நாளை அதே மண்ணில் பந்து வீசப்போகும் இளைஞரின் தோள் நொந்தால் பயிற்சியாளர் ஐஸ் பையை எடுத்து வைப்பார். தோளின் அமைப்பு ஒன்றுதான், தசைகளும் அவையேதான். மருந்து மட்டும் ஒன்றுக்கொன்று நேரெதிர்.

இரண்டும் சரியாக இருக்க முடியுமா? நோவுக்குச் சூடா, குளிரா என்ற கேள்விக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பதில் சொல்லப்பட்டு வருகிறது. கிரேக்கரும் ஆயுர்வேதரும் சித்தரும் சொன்னார்கள். கடந்த அரை நூற்றாண்டாக விளையாட்டு மருத்துவர்கள் மிகுந்த உறுதியோடு சொன்னார்கள், பின்னர் அவர்களிற் சிலரே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன, எவ்வளவு தாங்கும் என்பதே இக்கட்டுரை பார்க்க முனைவது.

வாதமும் வெம்மையும்

சித்த மருத்துவத்தில் மூட்டு நோவும் தசை நோவும் பெரும்பாலும் வாதத்தின் கணக்கில் எழுதப்படுகின்றன. யூகி வைத்திய சிந்தாமணி வாத நோய்களை 80 என வகுக்கிறது. வாதத்துக்குச் சொல்லப்படும் குணங்களில் குளிர்ச்சியும் வறட்சியும் முக்கியமானவை. அப்படியானால் அதற்கு மாற்று வெம்மையும் எண்ணெய்ப் பசையும். சித்தர் மரபு சொல்லும் 32 புறமருந்துகளில் ஒற்றடம், வேது, பொட்டணம், பற்று, பூச்சு, தொக்கணம் ஆகியவை அருகருகே நிற்பது இந்தத் தர்க்கத்தால்தான். ஆயுர்வேதமும் இதே வழியில் வெகுதூரம் போனது. சரக சங்கிதை வியர்வை வரச் செய்யும் சிகிச்சையை 13 வகையாகப் பிரிக்கிறது.

யாழ்ப்பாணத்தில் இந்த அறிவுக்குத் தனி நூல் மரபும் உண்டு. இங்கு ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் ஏட்டில் இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏழாலை ஐ. பொன்னையா அவற்றைப் பதிப்பித்தார். நூலுக்கு வெளியே, முறிவு நெரிவு வைத்தியர் குடும்பங்கள் எண்ணெயும் பற்றும் கட்டுமாக ஊர்தோறும் இயங்கின. நொச்சியிலை, ஆமணக்கிலை, எருக்கிலை, வாதநாராயணி ஆகியவற்றை எண்ணெயில் வதக்கிக் கட்டுவது, தவிட்டையோ மணலையோ உப்பையோ வறுத்து ஒத்துவது என்பவை வைத்தியரிடம் போகாமலே வீட்டில் நடந்தவை.

இந்த மரபை ‘எதற்கும் சூடு’ என்று சுருக்கிவிடுவது வழக்கம். அது நியாயமான சுருக்கம் அல்ல. சரகர் வியர்வைச் சிகிச்சை ஆகாதவர்களின் பட்டியல் ஒன்றும் தருகிறார். பித்தம் மிகுந்தவர், கர்ப்பிணி, மதுமேகக்காரர் எல்லாரும் அதில் வருகின்றனர். நீரிழிவு உள்ளவருக்குச் சூடு ஆபத்து என்பதை இன்றைய மருத்துவம் வேறொரு காரணத்தால், காலில் உணர்வு குன்றிப்போவதால், சொல்கிறது. காரணம் ஒன்றல்ல, ஆனாலும் எச்சரிக்கை ஒரே ஆளிடம் வந்து நிற்பது கவனிக்கத்தக்கது.

மரபு நிலைப்பாட்டின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. வாதம், பித்தம் என்ற பிரிப்பு வைத்தியர் பார்க்கும் கைநாடியையும் அவரது அனுபவத்தையும் நம்பி நிற்பது. ஒரே முழங்காலை இரண்டு வைத்தியர் இரண்டாகப் பிரித்தால் எவர் சரி என்று தீர்க்க அந்த முறைக்குள்ளே வழி குறைவு. நோ தானாகவே தணிந்ததா, ஒத்தணத்தால் தணிந்ததா என்ற கேள்வியை அது கேட்டதும் குறைவு. பெரும்பாலான நாரிப்பிடிப்பு சில வாரங்களில் எதுவும் செய்யாமலே இறங்கிவிடும் என்பதால் இந்தக் கேள்வி சின்னதல்ல.

வீக்கத்தின் சூடு

எதிர்நிலைப்பாட்டின் வேர் மேற்கில் இருக்கிறது. கிரேக்கரான இப்போகிறற்றீசின் பெயரால் வழங்கும் சுருக்க வாசகங்களில், புண்ணில்லாத மூட்டு வீக்கத்துக்கும் சுளுக்குக்கும் குளிர்ந்த நீரை நிறைய ஊற்றினால் நோ தணியும் என்ற கருத்து உள்ளது. பின்வந்த உரோமரான செல்சசு அழற்சிக்கு நான்கு அடையாளங்களை வரிசைப்படுத்தினார்: சிவப்பு, வீக்கம், சூடு, நோ. சூடு ஒரு நோய்க்குறி என்று ஆனபின் அதைத் தணிப்பது சிகிச்சை என்று ஆவதற்கு அதிக தூரம் இல்லை.

இந்த மருத்துவம் யாழ்ப்பாணத்துக்குத் தமிழிலேயே வந்தது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் இருந்துகொண்டு மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அவர் 1867இல் வெளியிட்ட ‘இரணவைத்தியம்’ ஐரோப்பிய அறுவை மருத்துவ நூலொன்றின் தமிழாக்கம். வாதத்தில் தொடங்கும் விளக்கமும் அழற்சியில் தொடங்கும் விளக்கமும் ஒரே மொழியில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற காலம் அது.

ஆனால் குளிர் என்பது அப்போது வெறும் நீர்தான். வெப்ப நாட்டில் ஐஸ் செல்வர் பண்டம். 1833இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த இயற்கை ஐஸ் கல்கத்தாவில் இறங்கியது. சென்னையில் அதைச் சேமிக்க 1842இல் கட்டப்பட்ட ‘ஐஸ் ஹவுஸ்’ இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. அந்த ஐஸ் போன இடம் பெரும்பாலும் துரைமாரின் கோப்பைகள். தமிழ் மருத்துவம் சூட்டின் பக்கம் சாய்ந்ததற்கு வாதக் கொள்கை மட்டும் காரணமா, அல்லது அடுப்பு எல்லா வீட்டிலும் இருந்ததும் ஐஸ் எந்த வீட்டிலும் இல்லாததும் காரணமா என்று கேட்கலாம். இரண்டும் சேர்ந்தே இயங்கியிருக்கும் என்பதே என் எண்ணம். தீவுக் கரைகளில் இன்றும் ஐஸ் என்றால் முதலில் மீன் பெட்டிதான் நினைவுக்கு வரும், முழங்கால் அல்ல.

ஐஸின் எழுச்சியும் தளர்வும்

ஐஸ் பொதுமக்களின் வைத்தியமாகப் பரவியது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். 1962 மே மாதம் அமெரிக்காவின் பொஸ்டன் அருகே 12 வயதுச் சிறுவன் ஒருவனின் கை ரயில் விபத்தில் துண்டாகி, மசச்சூசற்ஸ் பொது வைத்தியசாலையில் மீண்டும் பொருத்தப்பட்டது. துண்டான கை அறுவைக்கு முன் ஐஸில் வைக்கப்பட்டிருந்தது. அந்தச் செய்தி உலகெங்கும் பரவியதும், எந்தக் காயமானாலும் ஐஸ் வை என்ற எண்ணம் பொதுப்புத்தியில் ஏறியதாகச் சிலர் கருதுகின்றனர். அது மெய்யாயின், துண்டான உறுப்பைக் கெடாமல் காக்கும் முறை ஒன்று, உடலோடு ஒட்டியிருக்கும் கணுக்காலுக்கான வைத்தியமாக இடம் மாறியிருக்கிறது.

1978இல் அமெரிக்க மருத்துவர் கேப் மேர்கின் தம் விளையாட்டு மருத்துவ நூலில் ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து ‘றைஸ்’ என்று ஒரு சூத்திரம் தந்தார். உலகெங்கும் முதலுதவி வகுப்புகள் அதையே சொல்லிக்கொடுத்தன. பாடசாலை விளையாட்டுப் போட்டியில் கால் பிசகியவருக்கு ஐஸ் தேடி ஓடும் பழக்கம் நம்மிடமும் இதன் வழியாகவே வந்தது என்று கொள்ளலாம்.

2014இல் மேர்கின் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். அழற்சி என்பது நோய் அல்ல, சீர்செய்யும் வேலையின் தொடக்கம் என்பதே அவரும் அவரோடு உடன்படுவோரும் முன்வைக்கும் வாதம். காயப்பட்ட தசைக்கு வரும் வெண்குருதிக் கலங்கள் சிதைவை அகற்றி, புதுத் தசை வளர்வதற்கான சுரப்புகளைக் கொண்டுவருகின்றன. குளிர் அவற்றின் வருகையைத் தடுக்கிறது. 2011இல் யப்பானிய ஆய்வாளர் எலிகளின் நசுங்கிய தசைக்கு ஐஸ் வைத்தபோது, தசை மீள வளர்வது தாமதமாயிற்று. 2015இல் அவுஸ்திரேலியாவில் வெளிவந்த ஆய்வு ஒன்று, பலப் பயிற்சிக்குப் பின் ஒவ்வொரு முறையும் குளிர்நீரில் அமிழ்ந்த ஆண்களிடம் 12 வாரங்களின் பின் தசை வளர்ச்சி குறைவாக இருந்ததைக் காட்டியது.

இந்தக் கண்டனத்தையும் அளந்துதான் ஏற்கவேண்டும். எலியின் கால் மெலிது, ஐஸ் அதன் தசைக்குள் முழுதாக இறங்கிவிடும். மனிதத் தொடையில் அப்படி இறங்காது. தவிர, நசுக்கப்பட்ட தசை வேறு, பிரண்ட கணுக்கால் வேறு. மனிதரில் ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்துகிறது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. அது குணமாவதை விரைவுபடுத்துகிறது என்று சொல்லவும் சான்று இல்லை.

இடையில் சூத்திரங்கள் மட்டும் மாறிக்கொண்டிருந்தன. 2012இல் பிரித்தானிய விளையாட்டு மருத்துவ ஏடு முழு ஓய்வை நீக்கி, அளவான அசைவைச் சேர்த்து ‘பொலிஸ்’ என்றது. ஐஸ் இன்னும் பட்டியலில் இருந்தது. அதே ஏட்டில் 2020இல் வந்த ‘பீஸ் அன்ட் லவ்’ என்ற சூத்திரத்தில் ஐஸே இல்லை. பெயர்கள் மாறிய வேகத்தில் பரிசோதனைகள் நடக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இந்தப் புதிய பட்டியல்களும் பழையது போலவே பெருமளவு நிபுணர் கருத்தின் மேல் எழுந்தவை.

தோலுக்கும் ஆழத்துக்கும் இடையே

சூடும் குளிரும் நோவைத் தணிக்கும் வழி இப்போது ஓரளவு தெளிவு. 1965இல் மெல்சாக், வோல் என்ற இருவர் முன்வைத்த ‘வாயில்’ கொள்கைப்படி, தோலிலிருந்து வரும் வேறு உணர்ச்சிகள் முள்ளந்தண்டு மட்டத்தில் நோச் செய்தியை அமுக்கக்கூடும். 1997இல் டேவிட் ஜூலியசின் ஆய்வுகூடம் சூட்டை உணரும் புரதம் ஒன்றைக் கண்டது; சுமார் 43 பாகை செல்சியசிலும் மிளகாயின் காரத்திலும் அது ஒரே மாதிரித் திறக்கிறது. 2002இல் குளிருக்கும் புதினாவின் மென்தோலுக்கும் திறக்கும் இன்னொரு புரதம் கண்டறியப்பட்டது. இந்த வழி வந்த வேலைக்காக ஜூலியசும் ஆடெம் பட்டபூட்டியனும் 2021இல் நோபல் பரிசு பெற்றனர்.

இதிலிருந்து ஒரு சிக்கல் புரிகிறது. நம் வீடுகளில் சுளுக்குக்குத் தேய்க்கும் சித்தாலேப போன்ற களிம்புகள் தோலைக் குளிர்விப்பதும் இல்லை, தசையைச் சூடாக்குவதும் இல்லை. அவை உணர்வு நரம்பிடம் ‘குளிர்’, ‘சூடு’ என்று சொல்கின்றன, அவ்வளவுதான். ஆயினும் நோ இறங்குகிறது. ஒத்தணத்தின் பலனிலும் ஐஸின் பலனிலும் இந்தத் தோல் மட்டத்து வேலைக்குக் கணிசமான பங்கு இருக்கலாம்.

ஐஸுக்குக் கூடுதலான ஒரு வேலை உண்டு. தோலின் வெப்பம் 10 பாகைக்கு இறங்கும்போது நரம்பில் செய்தி ஓடும் வேகம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவதை 2007இல் வெளிவந்த அளவீடு ஒன்று காட்டியது. அதாவது மரத்துப்போதல். ஆனால் ஆழம் தடையாக நிற்கிறது. கொழுப்புப் படை மெலிந்தவரின் தொடைத் தசையை 7 பாகை குளிர்விக்க 8 நிமிடம் போதும் என்றும், படை தடித்தவருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும் என்றும் 2002ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று கண்டது. ‘20 நிமிடம் வை’ என்ற பொது அறிவுரை எல்லார் உடலிலும் ஒரே வேலையைச் செய்யாது. சூடும் அப்படியே: உப்புப் பொட்டணம் தோலையும் அதன் கீழுள்ள மேற்படையையும் சூடாக்கும். இடுப்பு மூட்டின் ஆழத்துக்கு அது போய்ச் சேர்வதாக எண்ண இடமில்லை.

நோவுக்கு நோ மாறும் விடை

சான்றுகளை மொத்தமாகக் கேட்டால் குழப்பமே மிஞ்சும். ஒவ்வொரு நோவாகப் பிரித்துக் கேட்பது நல்லது.

நாரி நோவில் சூட்டின் பக்கம் கொஞ்சம் வலு இருக்கிறது. மருத்துவப் பரிசோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் 2006ஆம் ஆண்டு மீளாய்வு 1117 பேரைக் கொண்ட 9 பரிசோதனைகளைத் திரட்டி, தொடங்கிச் சில வாரங்களுக்கு உட்பட்ட நாரி நோவில் சூட்டுப் பட்டை சிறிதளவு, குறுகிய காலத்துக்கு நோவைக் குறைக்கிறது என்றது. குளிரைப் பற்றி முடிவு சொல்லப் போதிய தரவு அதற்குக் கிடைக்கவில்லை. அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017 வழிகாட்டலும் புதிய நாரி நோவுக்கு மருந்துக்கு முன்பே சூட்டைப் பரிந்துரைக்கிறது. எனினும் இந்தத் துறையில் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் 2002ஆம் ஆண்டின் 371 பேர் பரிசோதனை, 40 பாகைச் சூட்டுப் பட்டை இபுபுரோபனையும் பரசிற்றமோலையும் விடச் சிறந்தது என்று கண்டது; ஆனால் அது பட்டையைத் தயாரிக்கும் நிறுவனத்தின் பணத்தில் நடந்தது. அதனால் அது பொய்யாகிவிடாது. தனித்து நிற்கவும் விடக்கூடாது. 2010இல் அவசர சிகிச்சைப் பிரிவு ஒன்றில் 60 பேருக்கு இபுபுரோபனோடு சூடோ குளிரோ அரை மணி நேரம் வைத்துப் பார்த்தபோது இரண்டு பக்கமும் பலன் ஏறத்தாழ ஒன்றே, அதுவும் சிறிதே.

முழங்கால் தேய்வில் தராசு குளிரின் பக்கம் சற்றுச் சாய்கிறது. 2003ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வில் ஐஸால் தேய்த்தல் மூட்டின் அசைவையும் பலத்தையும் கூட்டியது, குளிர்ப் பை வீக்கத்தைக் குறைத்தது, சூட்டுப் பை வீக்கத்தில் எதுவும் செய்யவில்லை. ஆனால் அந்த மீளாய்வு முழுவதும் 3 பரிசோதனைகள், 179 பேர். இதன் மேல் பெரிய மாளிகை கட்ட முடியாது. தேய்ந்த முழங்காலுடன் காலையில் எழும்போது இறுக்கம் அதிகம் என்பவர் சூட்டை நாடுவதும், மாலையில் வீங்கி உளைகிறது என்பவர் குளிரை நாடுவதும் தரவோடு முரண்படவில்லை.

முடக்குவாதத்தில் கேள்வி நுட்பமாகிறது. 1974இல் வெளிவந்த ஆய்வுகூடச் சோதனை ஒன்று, கசியிழையத்தைக் கரைக்கும் நொதியம் 33 பாகையில் செய்வதைவிட 36 பாகையில் ஏறத்தாழ நான்கு மடங்கு வேலை செய்கிறது என்று காட்டியது. அழன்ற மூட்டுக்குச் சூடு கொடுக்காதே என்ற பாடநூல் எச்சரிக்கைக்கு இது பெரிய ஆதாரம். ஆனால் சோதனைக்குழாய்க்கும் விரல் மூட்டுக்கும் இடையே நீண்ட வழி. 328 நோயாளரைக் கொண்ட 7 ஆய்வுகளைத் திரட்டிய 2002 மீளாய்வில் சூடோ குளிரோ நோயின் தீவிரத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கைவிரல்களுக்குச் சூடான மெழுகுக் குளியலும் அசைவுப் பயிற்சியும் சேர்ந்தபோது குறுகிய காலப் பலன் தெரிந்தது. அச்சமும் நம்பிக்கையும் இரண்டுமே இங்கு மிகைப்பட்டவை.

கவுட் நோவில் ஒரு புதிர் இருக்கிறது. யூரிக் அமிலம் குளிரில்தான் எளிதாகப் படிகமாகும். உடலின் குளிர்ந்த மூலையான காற்பெருவிரலில் நோ தொடங்குவதற்கு அது ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. அப்படியிருக்க, 2002இல் 19 பேரில் நடந்த சிறு பரிசோதனையில் வழக்கமான மருந்தோடு ஐஸும் வைக்கப்பட்டவர்களுக்கே நோ அதிகம் குறைந்தது. கொள்கையிலிருந்து வைத்தியத்தை நேராக ஊகிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இந்தத் துறையில் இல்லை. சுளுக்கில் 22 பரிசோதனைகளை ஆராய்ந்த 2004 மீளாய்வு, ஐஸோடு அசைவுப் பயிற்சியும் சேர்ந்தால் ஓரளவு பலன் என்பதற்கு மேல் போகத் துணியவில்லை.

கடும் வேலைக்கு மறுநாள் வரும் தசை உளைவுக்குக் குளிர்நீர் அமிழ்வு உதவுகிறது என்று 366 பேரைக் கொண்ட 17 சிறு பரிசோதனைகளின் 2012 மீளாய்வு சொன்னது. இரண்டு ஆண்டுகள் கழித்து அவுஸ்திரேலியாவில் ஒரு குறும்பான சோதனை நடந்தது: ஒரு குழுவினருக்கு வெதுவெதுப்பான நீரில் வெறும் சவர்க்காரத்தைக் கலந்து, மீட்சிக்கு உதவும் எண்ணெய் என்று சொல்லி இருத்தினார்கள். அவர்களின் தசைப் பலம் குளிர்நீரில் இருந்தவர்களுக்கு நிகராக மீண்டது.

தீவில் குளிர் என்பது எது?

மேலே சொன்ன பரிசோதனைகளில் குளிர்நீர் என்றால் பொதுவாக 10 முதல் 15 பாகை. யாழ்ப்பாணக் கிணற்று நீர் 28 பாகையை ஒட்டியது. தோலின் வெப்பம் 32, 33 பாகை என்றால், கிணற்றடியில் காலில் ஊற்றும் நீர் இதமானதே தவிர, ஆய்வுகளில் வரும் குளிர் அல்ல. பிறநாட்டு முடிவுகளை அப்படியே இங்கே இறக்கும்போது இந்த இடைவெளி பேசப்படுவதில்லை.

ஐஸுக்கு மின்சாரம் வேண்டும். மண்டைதீவுக்குத் தரைவழி உண்டு. யாழ்ப்பாணம் கூப்பிடு தூரம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையோடு இணையாதவை. அவற்றுக்குச் சூரிய, காற்று மின்னும் சேர்ந்த கலப்புத் திட்டம் அமைக்க இந்திய நன்கொடையில் 2024 மார்ச் 1ஆம் திகதி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நெடுந்தீவில் கால் பிசகியவருக்குக் குறிகட்டுவான் வரை படகு, அங்கிருந்து பஸ். முதல் சில மணி நேரத்தில் ஐஸ் வை என்ற அறிவுரை அவரைப் பெரும்பாலும் தாண்டிப்போய்விடும். மீன் பெட்டி ஐஸைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உப்புக் கலந்த ஐஸ் பூச்சியப் பாகைக்குக் கீழே வெகுவாக இறங்கும். அதை நேரே தோலில் வைத்தால் தோல் உறைந்து புண்ணாகும். ஈரச் சீலை இடையே வேண்டும்.

ஒத்தணத்தின் ஆபத்து இன்னும் அதிகம் பேசப்படாதது. 1947இல் செய்யப்பட்ட அளவீடுகளின்படி தோல் 44 பாகையில் வெந்துபோக ஏறத்தாழ 6 மணி நேரம் பிடிக்கும். 60 பாகையில் சில வினாடிகளே. சட்டியிலிருந்து எடுத்த உப்பின் சூட்டை யாரும் அளப்பதில்லை. ஒத்துபவர் தம் உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார், நொந்தவர் ‘சுடுது’ என்று சொல்வார். இந்த இரண்டும்தான் பாதுகாப்பு. நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவர் ‘சுடுது’ என்று சொல்லமாட்டார். 2005-06 தேசிய ஆய்விலேயே இலங்கையின் வயது வந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. பிள்ளைகள் ரொறன்ரோவிலோ பாரிசிலோ இருக்க, தனித்து வாழும் முதியவருக்கு உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும் ஆளும் இல்லை.

இங்கே சூட்டுக்கும் குளிருக்கும் இடையே வெப்பநிலை சாராத ஒரு வேறுபாடு தலைகாட்டுகிறது. ஒத்தணம் பிடிக்க இன்னொருவர் வேண்டும். அரை மணி நேரம் அருகிலிருந்து, அழுத்தி எடுத்து, எங்கே நோகிறது என்று கேட்கவேண்டும். ஐஸ் பைக்கு யாரும் தேவையில்லை. ஒத்தணத்தின் பலனில் உப்புக்கு எவ்வளவு, அந்தக் கைக்கு எவ்வளவு என்று எந்த மீளாய்வும் பிரித்துக் காட்டவில்லை.

சூடும் குளிரும் காத்திருக்க வேண்டிய நேரங்களும் உண்டு. காய்ச்சலோடு ஒரு மூட்டு மட்டும் திடீரென வீங்கிச் சிவந்தால் அது கிருமி புகுந்த மூட்டாக இருக்கலாம். நாரி நோவோடு சிறுநீர் கட்டுப்பாடு தளர்ந்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தாலோ ஊர்காவற்துறை அல்லது யாழ்ப்பாண வைத்தியசாலைக்கே போகவேண்டும். 2006இன் பிற்பகுதியில் சிக்குன்குனியா யாழ்ப்பாணத்தைத் தாக்கியபோது பலருக்கு மூட்டு நோ மாதக்கணக்கில் நீடித்தது. அத்தகைய நோவில் சூடோ குளிரோ சுகம் தரலாம். நோயின் போக்கை மாற்றும் என்று எதிர்பார்க்க ஆதாரம் இல்லை.

மாரியும் மூட்டும்

குளிர் காலத்தில் நோ கூடும் என்பது சூட்டுப் பக்கத்தாரின் பழைய சாட்சியம். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு முழங்கால் முறையிடுகிறது என்று சொல்லாத முதியவர் தீவில் அரிது. பிரித்தானியாவில் 2658 பேர் தங்கள் நோவைக் கைத்தொலைபேசியில் நாள்தோறும் பதிந்த ஆய்வு 2019இல் வெளியாயிற்று. ஈரப்பதன் கூடி, காற்றழுத்தம் இறங்கி, காற்று வீசும் நாட்களில் நோ சற்றுக் கூடியது. வெப்பநிலையின் தொடர்பு தெளிவாக இல்லை. சிட்னியில் புதிய நாரி நோவை ஆராய்ந்த 2014ஆம் ஆண்டு ஆய்வோ வெப்பநிலை, ஈரப்பதன், அழுத்தம், மழை எதிலும் தொடர்பு காணவில்லை. முதியவரின் சாட்சியத்தைப் புறந்தள்ளவும் முடியாது. அதிலிருந்து குளிர் நோவைத் தருகிறது, ஆகவே சூடு தீர்க்கிறது என்று தாண்டவும் முடியாது.

மதிப்பீடு

கிடைக்கும் சான்றுகளை வைத்து இவ்வளவு சொல்லலாம். சூடும் குளிரும் இரண்டும் நோவைக் கொஞ்ச நேரத்துக்குத் தணிக்கின்றன. இரண்டில் எதுவும் காயத்தை விரைவாக ஆற்றுகிறது என்று நிறுவப்படவில்லை. வீங்கிச் சுடும் புதிய காயத்துக்குக் குளிர், இறுகிப்போன பழைய நோவுக்குச் சூடு என்ற வழமையான பிரிப்பு நியாயமானதாகத் தெரிகிறது. ஆனால் அதைத் தாங்கும் பரிசோதனைகள் பலரும் நம்புவதைவிட மெலிந்தவை. இந்த நிலையில் நோகிறவரின் சொந்த விருப்பத்துக்குக் கூடுதல் இடம் கொடுப்பதில் மருத்துவப் பிழை இல்லை. தோல் பத்திரமாக இருக்கவேண்டும், அசைவை நிறுத்தக்கூடாது என்ற இரண்டு நிபந்தனைகள் போதும்.

தீராதவை பல. சூட்டையும் குளிரையும் நோயாளிக்குத் தெரியாமல் கொடுக்க வழியில்லாததால், நம்பிக்கையின் பங்கைப் பிரிப்பது கடினமாகவே இருக்கிறது. இங்கே எடுத்துக்காட்டிய பரிசோதனைகள் குளிர் நாடுகளிலோ குளிரூட்டிய கட்டடங்களிலோ, பெரும்பாலும் உட்கார்ந்து வேலை செய்வோரிடமோ விளையாட்டு வீரரிடமோ நடந்தவை. 30 பாகை நிழலில் நாள் முழுவதும் கடலில் நின்று திரும்பியவரின் தோளுக்கு அவற்றின் எண்கள் எவ்வளவு பொருந்தும் என்பது தனிக் கேள்வி. வறுத்த உப்பு, தவிடு, நொச்சியிலை ஆகியவற்றின் சூடு நிமிடத்துக்கு நிமிடம் எப்படி இறங்குகிறது, அதே எடையுள்ள ஆறிய பொட்டணத்தை அதே கை ஒத்தினால் எவ்வளவு நோ குறைகிறது என்பவை வெப்பமானி ஒன்றையும் சில டசின் தன்னார்வலரையும் கொண்டு அளக்கக்கூடியவை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடமும் இருக்கிறது, கைதடியில் 1984இல் தொடங்கிய சித்த மருத்துவக் கற்கையும் இருக்கிறது. ஒருவர் பொட்டணத்தையும் மற்றவர் எழுமாற்றுப் பட்டியலையும் கொண்டுவந்தால் இந்தச் சோதனைக்கு வேண்டியவை பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.